முதல் பிரதியின் செலவு

1534ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு ஓர் உரிமைப் பட்டயம் வழங்கினார். நூல்களை அச்சிடவும் விற்கவும் மூன்று பேரைப் பல்கலைக்கழகமே அமர்த்திக்கொள்ளலாம் என்றது அந்தப் பட்டயம். கைக்கு வந்த உரிமை உடனே பயன்படவில்லை. கேம்பிரிட்ஜ் அச்சகத்தின் முதல் நூல்கள் வெளிவர 1584 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக்ஸ்போர்டில் 1478லேயே அச்சு வேலை நடந்திருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்தின் அச்சு உரிமை 1586ஆம் ஆண்டு ஆணையால் உறுதிப்பட்டது.

இந்த இரண்டு அச்சகங்களும் ஆராய்ச்சி நூல்களை விற்றுப் பிழைக்கவில்லை. நெடுங்காலம் அவற்றுக்குச் சோறு போட்டது விவிலிய அச்சு. பின்னர் பள்ளிப் பாடநூலும் அகராதியும் அந்த இடத்துக்கு வந்தன. நன்றாக விற்கும் நூலில் கிடைத்த லாபம், சில நூறு பேர் மட்டுமே வாங்கும் ஆராய்ச்சி நூலைத் தாங்கியது. பாடநூலை இலவசமாக வெளியிடுங்கள் என்று 21ஆம் நூற்றாண்டில் கேட்கப்பட்டபோது பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் ஏன் தயங்கின என்பதற்கு விடை இந்தப் பழைய கணக்கில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் கதை வேறு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1878இல் தன் பதிப்பகத்தைத் தொடங்கியது; அந்நாட்டில் இடைவிடாமல் இயங்கிவரும் பல்கலைக்கழகப் பதிப்பகங்களில் அதுவே மூத்தது. அங்குள்ள பதிப்பகங்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி நூல்களோடு நின்றுகொண்டன. கல்லூரிப் பாடநூல் பெரிய வணிக நிறுவனங்களின் கைக்குப் போனது. எந்த நூலை வாங்க வேண்டும் என்று சொல்பவர் ஆசிரியர். பணம் கொடுப்பவர் மாணவர். சொல்பவரின் பையிலிருந்து காசு போகாத சந்தையில் விலைக்குக் கடிவாளம் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். கணக்குகளின் வரிசை எண்ணும் பக்க எண்ணும் மாறும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி வகுப்பில் பயன்படாமல் போகும். 2002 முதல் 2012 வரையிலான பத்தாண்டுகளில் அமெரிக்காவில் புதிய பாடநூல்களின் விலை 82 விழுக்காடு உயர்ந்தது என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. அதே காலத்தில் பொதுவான விலைவாசி உயர்வு 28 விழுக்காடுதான்.

இணையம் பரவியபோது பல்கலைக்கழகங்கள் முதலில் கண்டது லாபக் கனவை. கொலம்பியா பல்கலைக்கழகம் 2000இல் ஃபேத்தம் என்ற வணிக நிறுவனத்தைத் தொடங்கி இணையவழிப் பாடங்களை விற்க முயன்றது. லண்டன் பொருளியல் பள்ளியும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகமும் அதில் கூட்டாளிகள். மூன்றே ஆண்டுகளில், 2003இல், அது மூடப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஏறத்தாழ அதே காலத்தில் இணையத்தில் என்ன செய்யலாம் என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. விற்பதைவிடக் கொடுத்துவிடுவதே தங்கள் நிறுவனத்துக்கு ஏற்றது என்ற முடிவுக்கு அந்தக் குழு வந்தது. 2001 ஏப்ரலில் கழகத்தின் தலைவர் சார்லஸ் வெஸ்ட், தங்கள் வகுப்புகளின் பாடக் குறிப்புகள், வினாத்தாள்கள், பாடத்திட்டங்கள் அனைத்தையும் உலகத்துக்கு இலவசமாக இணையத்தில் தரப்போவதாக அறிவித்தார். ஹியூலட், மெலன் ஆகிய இரு அறக்கட்டளைகள் 1.1 கோடி டாலர் கொடுத்தன. 2002இல் 50 பாடங்களோடு தொடங்கிய வேலை, 2007 நவம்பரில் 1,800 பாடங்களை எட்டியது.

அந்தத் திட்டம் கொடுத்தது பெரும்பாலும் வகுப்பறையின் எச்சத்தை: ஆசிரியர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த குறிப்பு, ஏற்கெனவே நடத்திய தேர்வு. அதைத் திரட்டவும் உரிமைச் சிக்கல்களைத் தீர்க்கவும் செலவானதே ஒழிய, புதிதாக ஒரு நூலை எழுதி முடிக்கும் செலவு பெரிய அளவில் எழவில்லை. பாடநூல் அப்படிப்பட்டதல்ல. எழுதுபவரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு, பிற ஆசிரியர்களின் மதிப்பாய்வு, செம்மையாக்கம், வரைபடங்கள், கணக்குகளும் விடைகளும், மெய்ப்புத் திருத்தம், பக்க அமைப்பு என்று முதல் பிரதி தயாராவதற்குள் பெரும் பணம் போய்விடும். இரண்டாவது பிரதிக்கு ஆகும் செலவை இணையம் ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டது. முதல் பிரதியின் செலவை அது தொடவே இல்லை. திறந்த பாடநூலின் வரலாறு முழுவதும் அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியின் வரலாறுதான்.

இலவசம் வேறு, திறந்தது வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். படிக்க மட்டும் விடும் நூல் இலவச நூல். வைத்துக்கொள்ளவும், பிறருக்குக் கொடுக்கவும், திருத்தவும், வேறொன்றோடு சேர்க்கவும் விடும் நூலே திறந்த நூல். டேவிட் வைலி 1998இல் இதற்கென ஓர் உரிமத்தை வகுத்தார். 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன. அதே ஆண்டு ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ கூட்டம் இத்தகைய பொருள்களுக்குத் திறந்த கல்வி வளங்கள் என்று பெயர் வைத்தது.

பாடநூலைப் பொறுத்தவரை அதிகம் கற்றுத்தருவது டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் அனுபவம். மின்பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் பரனியுக், 1999இல் தன் பாடத்துக்கு ஒரு நூல் எழுத நினைத்தவர், நூலுக்குப் பதிலாக ஒரு களத்தை உருவாக்கினார். கனெக்ஷன்ஸ் என்பது அதன் பெயர். ஒரு முழு நூலைச் சிறு சிறு பாடத்துண்டுகளாக உடைத்து வைப்பது அதன் முறை. அலைகளைப் பற்றிய துண்டை ஒருவர் எழுதுவார். இன்னொருவர் அதை எடுத்துத் தன் வகுப்புக்கேற்பத் திருத்துவார். மூன்றாமவர் பத்துத் துண்டுகளைக் கோத்து ஒரு நூலாக்குவார். இல்லினாய்ஸில் வீட்டில் இசை கற்பித்துவந்த ஓர் ஆசிரியை எழுதிய இசைப் பாடங்கள் மாதம் பல லட்சம் முறை படிக்கப்பட்டன. எந்தப் பதிப்பகமும் தேடிப்போயிருக்காத எழுத்தாளர் அவர்.

ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு 1982 முதல் ஒரு பதிப்பகமும் இருந்தது. பணமுடையால் 1996இல் மூடப்பட்டது. 2006இல் அதை மீண்டும் திறந்தபோது முழு மின்பதிப்பகமாகத் திறந்தார்கள். கனெக்ஷன்ஸ் களத்தில் நூல்களை இலவசமாகப் படிக்க முடிந்தது. அச்சுப் பிரதி வேண்டுவோர் கேட்டால் அச்சிட்டுத் தரப்பட்டது. கிடங்கு இல்லை, தேங்கும் பிரதிகள் இல்லை. அச்சகச் செலவு ஒழிந்தால் பதிப்பகம் பிழைத்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. அது பிழைக்கவில்லை. 2010இல் மீண்டும் மூடப்பட்டது. காகிதமும் மையும் போனாலும், செம்மையாக்குபவர் சம்பளம் போகவில்லை.

அதே வளாகத்தில் 2012 ஜூனில் வேறொரு வழி பிறந்தது. பரனியுக் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்ஸ், துண்டுகளைக் காத்திருந்து சேர்க்காமல், முழுப் பாடநூலையே பணம் கொடுத்து எழுதச் செய்தது. ஹியூலட், கேட்ஸ் போன்ற அறக்கட்டளைகள் முதல் பிரதியின் செலவை ஏற்றன. முதலில் வந்தவை கல்லூரி இயற்பியலும் சமூகவியல் அறிமுகமும். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் அந்த இயற்பியல் நூலைத் திறந்தால் வண்ணப் படங்கள், தீர்த்துக்காட்டிய கணக்குகள், அத்தியாய முடிவில் பயிற்சிகள் என்று விலையுள்ள நூலில் இருப்பவை எல்லாம் இருக்கும். வேறுபாடு, உரிமப் பக்கத்தில் உள்ள சில வரிகள் மட்டுமே: மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். அதிக மாணவர் சேரும் முதலாண்டுப் பாடங்களைக் குறிவைத்ததுதான் இத்திட்டத்தின் புத்திசாலித்தனம். ஒரு நூலுக்குச் செலவிட்ட பணம் பல லட்சம் மாணவர்களுக்குப் பங்காகிறது.

வருமானத்தைக் கொண்டே இதைச் செய்யும் முயற்சி நிலைக்கவில்லை. இணையத்தில் இலவசமாகக் கொடுத்து அச்சுப் பிரதியை விற்ற ஃபிளாட் வேர்ல்டு என்ற வணிக நிறுவனம் 2013 ஜனவரியோடு இலவச வாசிப்பை நிறுத்தியது. நிதியுதவியை நம்பியவர்களுக்கும் உறுதி இல்லை: யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடத் திட்டம் நிதியின்றி 2009இல் நின்றது.

கனடாவில் அரசே முன்வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், மாணவர் மிகுதியாகச் சேரும் 40 பாடங்களுக்குத் திறந்த நூல்கள் உருவாக்கப்படும் என்று 2012 அக்டோபரில் அறிவித்தது. அதே ஆண்டில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் திறந்த பாடநூல்களுக்கென ஒரு நூலகத்தை இணையத்தில் அமைத்தது. நூல்களை ஆசிரியர்கள் படித்து எழுதிய மதிப்புரைகளும் அதில் சேர்ந்தன. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நூலகர்களே பதிப்பாளர்களாக மாறினார்கள். பதிப்பகம் செய்யத் தயங்கிய வேலையை நூலகம் எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல. நூலகம் என்றைக்குமே விற்று வாழ்ந்ததில்லை. அதன் செலவு பல்கலைக்கழகத்தின் செலவு.

பதிப்பகத்தையும் அதே கண்ணோடு பார்த்த பல்கலைக்கழகங்கள் சில உண்டு. தொலைநிலைக் கல்விக்கான கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் 2007இல் எல்லா நூல்களையும் திறந்தே வெளியிடும் பதிப்பகத்தைத் தொடங்கியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2015இல் அப்படியே செய்தது. ஆராய்ச்சி நூல்களோடு நில்லாமல் அறுவை மருத்துவப் பாடநூல் ஒன்றையும் அது திறந்து வெளியிட்டது.

பழம்பெரும் பதிப்பகங்களின் நிலை என்னவென்று உரக்கக் காட்டியது டெல்லி. டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் தரும் பட்டியலின்படி பல நூல்களிலிருந்து சில சில அத்தியாயங்களை நகலெடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி, மாணவர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். ஆயிரக்கணக்கான ரூபாய் விலையுள்ள நூல்களில் தேவையான இருபது முப்பது பக்கம் மட்டும் அந்தக் கட்டில் இருக்கும். 2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனமும் கடைமீதும் டெல்லி பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கிய பதிப்பகங்கள் இன்னொரு பல்கலைக்கழகத்தை நீதிமன்றத்தில் நிறுத்தியது கல்வியாளர்களை வருத்தியது. வழக்கில் குறிப்பிடப்பட்ட நூல்களின் ஆசிரியர்களில் பலரே வழக்கை எதிர்த்துக் கையெழுத்திட்டனர். அமர்த்தியா சென் பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதினார். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, கற்பித்தலுக்காக நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது என்று தீர்ப்பளித்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கொள்கையை ஏற்று, கட்டில் சேர்ந்த பக்கங்கள் கற்பித்தலுக்குத் தேவையானவைதானா என்பதை மட்டும் விசாரிக்கச் சொன்னது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

இந்தியாவில் முதல் பிரதியின் செலவைப் பெரிய அளவில் ஏற்றது மத்திய அரசு. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தை ஒருங்கிணைத்தது சென்னை ஐஐடி. பொறியியல் பாடங்களைப் பேராசிரியர்கள் நடத்த, காணொளியாகப் பதிவுசெய்து எல்லோருக்கும் தந்தார்கள். நல்ல ஆசிரியர் கிடைக்காத சிறு ஊர்க் கல்லூரி மாணவருக்கு அது வாய்த்த வரம்.

முதல் பிரதியின் செலவை அரசு ஏற்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. அரசு உதவியோடு சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியை இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் யாரும் காசில்லாமல் புரட்டலாம். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் இயற்பியல், பொருளியல், வரலாறு என்று கல்லூரிப் பாடங்களைத் தமிழில் எழுதச் செய்தது. அந்நூல்கள் பல பின்னர் மின்வடிவம் பெற்றுத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இடம்பெற்றன.

ஆனால் இங்கே திறந்தது பெரும்பாலும் கதவு மட்டுமே. உரிமம் பல இடங்களில் இன்னும் திறக்கவில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, யாரும் படிக்கலாம். வேறு குறிப்பு இல்லாதவரை எல்லா உரிமைகளும் ஒதுக்கப்பட்டவை என்ற வாசகம் அதே பக்கங்களின் அடியில் இருக்கிறது. ஹூஸ்டனில் 2012இல் வெளியான இயற்பியல் நூலின் ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கித் தன் மாணவர்களுக்கு அச்சிட்டுக் கொடுக்கத் திருநெல்வேலி ஆசிரியர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நம் வரிப்பணத்தில் எழுதப்பட்ட நூலுக்கு அவர் டெல்லிக்கு எழுதி அனுமதி பெற வேண்டும்.