ஸ்டாண்டர்ட் 2000: வேகத்துக்கும் சொகுசுக்கும் நடுவில் சிக்கிய மெட்ராஸ் கார்

கோம்பையிலிருந்து பண்ணைப்புரம் வழியாகத் தேவாரம் போகும் சாலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டினால் என்ன ஆகும்? வேகமாகப் போக வேண்டுமென்றால் கார் தாழ்வாகவும் ஸ்பிரிங்குகள் விறைப்பாகவும் இருக்க வேண்டும். முதல் வேகத்தடையிலேயே அடி தட்டும், அப்புறம் இடுப்பு வலிக்கும். உயர்த்திவிட்டால் தட்டாது. ஆனால் வளைவில் வண்டி சாயும். இந்த இழுபறியில் மாட்டிக்கொண்ட கார் ஒன்று 1985ல் சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் தயாரானது.

முதலில் அதன் மூலத்தைப் பார்ப்போம். பிரிட்டனில் 1976ல் ரோவர் எஸ்டி1 வெளிவந்தது. டேவிட் பாச் வடிவமைத்த அதன் முகத்தில் ஃபெராரி டேடோனாவின் சாயல் இருக்கும். 3.5 லிட்டர் வி8 எஞ்சின், 155 குதிரைத்திறன், மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகம். ஐந்து பேர் வசதியாக உட்காரலாம், பின்கதவைத் திறந்து மூட்டைகளையும் ஏற்றலாம். அடுத்த வருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. வேகமும் சௌகரியமும் ஒரே வண்டியில்!

1948ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், ஹெரால்டு, கெஸல் கார்களுக்குப் பின் பல வருடம் கார் செய்யாமல் இருந்தது. திரும்பி வர எஸ்டி1 உடலைத் தேர்ந்தெடுத்தது. வி8 வரவில்லை. வேன்களுக்காகக் கையில் இருந்த 1,991 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினையே பொருத்தினார்கள். சுமார் 83 குதிரைத்திறன், அதாவது மூலத்தின் பாதி. நம் சாலைகளுக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த எஞ்சின் 1940களின் வான்கார்டு வம்சம். ஃபெர்குசன் டிராக்டரில் உழுததும் அதே குடும்பம்தான், 1953ல் டிரையம்ஃப் டிஆர்2 என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியதும் அதே குடும்பம்தான். ஆக எஞ்சினை மட்டும் திட்டிப் பயனில்லை. டிஆர்2 ஒரு டன்னுக்கும் குறைந்த எடை கொண்ட இரண்டு பேர் வண்டி. எஸ்டி1 அப்படியல்ல. கனமான உடலை இழுக்க எஞ்சின் திணறியது, பெட்ரோலையும் குடித்தது. உயர்த்தியதில் வளைவில் கிடைத்த உறுதி குறைந்தது. மிஞ்சியது விசாலமான உள்ளிடமும் பார்ப்பவரைத் திரும்ப வைக்கும் அழகும்தான். ஓட்டுபவருக்காகப் பிறந்த கார், டிரைவர் வைத்துக்கொள்ளும் முதலாளியின் காராக மாறியது.

புது உடல், கைவசமுள்ள எஞ்சின் என்ற கணக்கு அப்போது எல்லோரும் போட்டதுதான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் காண்டெஸாவை அம்பாசடரின் எஞ்சினோடுதான் கொண்டுவந்தது. ஆனால் பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினுக்கு மாறி 2002 வரை தாக்குப்பிடித்தது. பிரீமியர் 118 என்இ ஆரம்பத்திலேயே நிஸான் எஞ்சினோடு வந்தது. லாபக் கணக்கில் வித்தியாசம் இங்கேதான் விழுந்தது என்று சொல்லலாம். ஸ்டாண்டர்டுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை. 1980களின் இறுதிக்குள் உற்பத்தி நின்றுபோனது.

பெருங்களத்தூரில் மிஞ்சிய உதிரிபாகங்களை ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கிக் கப்பலேற்றியது. வி8 எஸ்டி1 வைத்திருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு அவை ரொம்ப நாள் கைகொடுத்தன.