வாய்ச்சொல்லில் கிடைத்த உரிமை



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "சார், எழுதியவர் இறந்த பிறகு அவர் நாவலைப் படமாக்க யாரிடம் கேட்கணும்? எடுப்பவர் கதையை மாற்றினால் யார் தட்டிக் கேட்பது?"

சட்டப்படி பதில் சின்னது. உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் ஒருவர் இறந்தால், இன்றைய இந்தியச் சட்டப்படி இறப்புக்குப் பின் 60 ஆண்டுகள் அது வாரிசுகளுக்கு. ஆனால் சட்டம் மட்டும் போதுமா? வங்காளத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

'பதேர் பாஞ்சாலி' எழுதிய விபூதிபூஷண் பந்தோபாத்யாய நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். 1929-இல் புத்தகமாக வந்த அந்த நாவல் வங்காளிகளுக்கு வீட்டுச் சொத்து மாதிரி. 'நாகம்மாள்' எழுதிய ஆர். ஷண்முகசுந்தரம் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1950 நவம்பர் 1 அன்று விபூதிபூஷண் காலமானார். மனைவி ரமாவும் மூன்று வயது மகன் தாராதாஸும்தான் மிச்சம்.

அந்த ரமாவிடம் உரிமை கேட்டு வந்தவர் சத்யஜித் ராய். அப்போது விளம்பரக் கம்பெனியில் ஓவியர். ஒரு படம்கூட எடுத்ததில்லை. 1944-இல் இந்த நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தது மட்டுமே அவருக்கு இருந்த உறவு. ஆனால் அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர், அப்பா சுகுமார் ராய் இருவரின் எழுத்தும் வங்காளத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ரமா சம்மதித்தார். பணம் எவ்வளவு என்ற பேச்சே அப்போது முடிவாகவில்லை. வாய்ச்சொல்தான்.

யோசித்துப் பாருங்கள். கணவர் போய்விட்டார், கையில் குழந்தை, இருப்பது புத்தகங்கள். அதில் மிகப் பெரியதை அனுபவமே இல்லாத ஒருவரிடம் நம்பிக் கொடுக்கிறார். படம் கெட்டுப்போயிருந்தால் ஊரே அவரைத்தான் ஏசியிருக்கும்.

1952 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது. நாணல் பூத்த வெளியில் அப்புவும் துர்காவும் ரயில் பார்க்கும் காட்சிதான் முதலில். அடுத்த ஞாயிறு போனால் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டன! மறுபடி பூக்க ஒரு வருடம் காத்திருந்தார்கள். காசு தீர்ந்தது. ராய் தன் இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார். மனைவி பிஜோயாவின் நகைகளும் அடகுக்குப் போயின. கடைசியில் முதலமைச்சர் பிதான் சந்திர ராய் வழியாக மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. தலைப்புக்குப் 'பாதையின் பாட்டு' என்று பொருள் அல்லவா? கணக்கில் சாலை மேம்பாட்டுச் செலவு என்று எழுதிவிட்டார்கள்!

இனிதான் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பணம் கொடுத்த பிறகு அரசுத் தரப்பு, முடிவை மாற்றச் சொன்னது. குடும்பம் ஊரை விட்டுப் போகக் கூடாதாம், கிராம முன்னேற்றத் திட்டத்தில் சேர வேண்டுமாம். ராய் மறுத்துவிட்டார்.

அப்படியானால் ராய் எதையுமே மாற்றவில்லையா? மாற்றினார். நாவலில் துர்கா கடைசிவரை ரயிலைப் பார்ப்பதில்லை. படத்தில் தம்பியோடு ஓடிப் போய்ப் பார்க்கிறாள். நாவலின் பிற்பகுதியையும் இந்தப் படத்தில் அவர் எடுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் வறுமை, அம்மாவின் கோபம், அக்கா தம்பி பாசம், ஊரை விட்டுப் போகிற வலி, இவற்றில் கை வைக்கவில்லை. காட்சியை மாற்றுவது வேறு, கதையின் மனதை மாற்றுவது வேறு. அரசு கேட்டது இரண்டாவதை.

1955 ஆகஸ்டில் படம் கல்கத்தாவில் வெளியானது. மறு ஆண்டு கான் விழாவில் விருது. உலகம் முழுதும் விபூதிபூஷண் பெயர் போனது.

இன்னொன்றும் உண்டு. மூன்றாம் படமான 'அபுர் சன்சார்' (1959) முடிவில் அப்பு தன் மகன் காஜலைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பான். அந்தக் காஜலின் மீதிக் கதையை 'காஜல்' என்ற நாவலாகப் பின்னாளில் எழுதியவர் யார் தெரியுமா? மூன்று வயதில் அப்பாவை இழந்த அதே தாராதாஸ்தான்.

மகளே, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். உரிமை வாரிசிடம் இருக்கிறது. அதைக் கொடுக்கும்போது விலையைப் பார்ப்பதில் தவறில்லை, அவர்களும் சாப்பிட வேண்டும். ஆனால் கேட்டு வருகிறவன் அந்தப் புத்தகத்தை உண்மையாகப் படித்தவனா என்று முதலில் பார்க்க வேண்டும். ரமா அதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன்.

படிக்காதவர்கள் முதலில் நாவலைப் படியுங்கள், பிறகு படம் பாருங்கள். துர்கா ரயிலைப் பார்க்கும் இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது என்று கீழே எழுதுங்கள். வழக்கம்போல எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் குறைப்பேன்!