போர் விமானப் படங்களும் வரலாற்றுச் சான்றும்

இரண்டாம் உலகப் போர்க்கால விமானப் படமொன்று மன்னார் இல்லமொன்றிற் கிடைப்பின், அதனை இனங்காணுமாறு யாது?

லிபரேட்டர், பி-29 ஆகிய இரண்டும் நான்கு எஞ்சின் கொண்ட குண்டுவீச்சு விமானங்கள். முன்னதன் வாலில் நிமிர்ந்த சிறகுகள் இரண்டு. பின்னதற்கு உயர்ந்த சிறகு ஒன்றே. காங்கேசன்துறையிலும் மின்னேரியாவிலும் பிரித்தானிய லிபரேட்டர்கள் நிலைகொண்டன. 1944 ஆகஸ்ட் 10 இல் திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து அமெரிக்க பி-29கள் சுமாத்திராவின் பலெம்பாங்கைத் தாக்கப் புறப்பட்டன.

பிரித்தானியர் கீழைப் போர்முனையில், யப்பானியரின் செவ்வட்டத்தோடு மயங்காதிருக்கத் தம் வட்டச் சின்னத்தின் செந்நிறத்தை நீக்கினர். அதுவும் களத்தை உணர்த்தும். விமான முகப்பில் வீரர் தீட்டிய ஓவியமும் பெயரும் கண்ணைக் கவரும். ஆயினும் ஒரே பெயரைப் பல விமானங்கள் தாங்கியதுண்டு. தொடரெண்ணே உறுதியான சான்று.

பிழையான குறிப்பு ஓரூர் வரலாற்றை வேறூர்க்கு உரியதாக்கிவிடும். ஆதலின், பழம் படங்களின் பின்புறத்தில் நாளும் இடமும் கேட்டறிந்து குறித்துவைத்தல் மாணவர் கடனாகும்.