பிரசங்க மேடையும் ஆலை வாசலும்

கை கட்டி, வாய் புதைத்து நிற்பதே வேலை செய்வோனுக்குரிய பணிவு என்று நம் சமுதாயம் நெடுங்காலம் கருதிவந்தது. கூலியைப் பற்றியோ வேலை நேரத்தைப் பற்றியோ அவன் குரலெழுப்புவது அடங்காமை எனப்பட்டது. இந்நிலையில், பலர் முன்னிலையில் அச்சமின்றித் தன் காரியத்தை எடுத்துரைக்கும் பேச்சு தமிழ் மக்களிடையே எவ்வாறு வளர்ந்தது? அவ்வளர்ச்சியில் திருச்சபையின் பிரசங்கத்திற்கு எத்தகைய பங்குண்டு? இவற்றைச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. உபதேசியாரின் குரல்

புராண விரிவுரையும் கதாகாலட்சேபமும் நம் நாட்டில் முன்னரே இருந்தன. எனினும் தெருவிலும் சந்தையிலும் வழிப்போக்கரை நிறுத்தி, வழக்குத் தமிழில், கேள்விக்கு விடையளித்துப் பேசும் முறையை 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவருடைய உடன் ஊழியரும் தொடங்கிவைத்தனர். அம்முறையைப் பரப்பியவர்களோ பெரும்பாலும் தமிழ் உபதேசியார்களே. அவர்களுள் ஆரோன் 1733 இல் குருப்பட்டம் பெற்று, முதல் தமிழ்ப் புரொட்டஸ்டண்டுக் குருவானார்.

1762 இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த சுவார்ட்சு ஐயர், 1766 இல் அங்கே கோட்டை ஆலயம் எழும்பக் காரணராயிருந்தார். அவரோடு உபதேசியாராக உழைத்த சத்தியநாதன் 1790 இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். அவ்வேளையில் அவர் தமிழில் ஆற்றிய பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1792 இல் இலண்டனில் அச்சாயிற்று. சம்பளத்திற்கு மிஷனெரிமாரை நம்பியிருந்த ஓர் ஊழியரின் சொல்லை ஐரோப்பியச் சபையார் பொருட்படுத்திக் கேட்டனர் என்பது இங்கே கருதத்தக்கது. தாம் கற்றதை ஐயமறக் கற்றதும், கேட்போர் அறிந்த மொழியில் அதை விளக்கும் பயிற்சியுமே அவர் பேச்சுக்கு அதிகாரமளித்தன.

2. மாற்றாரிடம் சென்ற கருவி

இப்பேச்சுமுறை திருச்சபையின் தனியுடைமையாக நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை. அவர் 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மிஷனெரிமாருக்கு எதிராக அவர் கையாண்ட கருவி அவர்களிடமே கண்டறிந்த பிரசங்கம்தான். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் வழங்கியது.

நாவலர் மரபில் வந்த யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை சென்னை இராயப்பேட்டை வெஸ்லியன் பள்ளியில் தமிழாசிரியரானார். அவரிடம் பயின்ற திரு. வி. கலியாணசுந்தரனார், பின்னர் அதே பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றி, 1917 இல் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். மிஷன் பள்ளியும் சைவ மேடையும் ஆகிய இரண்டும் அவருடைய நாவைப் பண்படுத்தின எனலாம்.

3. ஆலைத் தொழிலாளரிடையே

பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர் அரைமணி நேர உணவு இடைவேளை போதாமல் வருந்தினர். அவர்கள் குறையைக் கேட்டு அதற்கு வழிதேடியவர்கள், அப்பகுதியில் பக்திச் சபையொன்றை நடத்திவந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் ஆவர். வழிபாட்டுக்கும் விரிவுரைக்கும் கூடிய மக்களிடமிருந்தே 1918 ஏப்ரல் 27 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார்.

தொழிலாளர் நாட்டின் அரசியலையும் தம் உரிமையையும் நல்ல தமிழில் கேட்டனர். முன்னே தனித்தனியே முறையிட்டவர்கள் இப்போது சங்கத்தின் வாயிலாகப் பேசினர். இப்பேச்சின் வலிமையை ஆலை நிர்வாகமும் உணர்ந்தது. 1920 இல் அது உயர்நீதிமன்றத்தை அணுகி வாடியா முதலியோருக்கு எதிராகத் தடையாணை பெற்றது. தொழிற்சங்கத்திற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்னும் கோரிக்கை இதனால் வலுப்பெற்று, 1926 இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

4. எட்டாத குரல்

எனினும் இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் கூறுவது நேர்மையாகாது. 1921 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் சங்கத்தோடு நில்லாது வேலைக்குச் சென்றனர். சாதிப் பகை மூண்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் மாண்டன. வேலைநிறுத்தம் தோற்றது. மேடையில் ஒலித்த ‘நாம்’ என்னும் சொல்லில் தாங்களும் அடங்குவோமோ என்று ஐயுற்றவர்கள் அக்கூட்டத்திலேயே இருந்தனர். ஆலயத்திற்குள்ளும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டே பிரசங்கம் செய்த திருச்சபை இதைப் பிறர் குற்றமாகக் காட்ட இயலாது.

ஆகவே, அதிகாரத்தோடு பேசுதல் என்பது உரத்த குரலோ சொல்லலங்காரமோ அன்று. பேசும் பொருளைத் தெளிவாக அறிதல், கேட்போர் மொழியில் கூறுதல், யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள் சொல்வதை முதலில் கேட்டல் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். முதலிரண்டையும் நம் முன்னோர் திறம்படக் கற்பித்தனர். மூன்றாவதிலேயே மேடைகள் பலவும் தவறின. தொட்டியம் போன்ற காவிரிக்கரை ஊர்களில் வாழைத்தோட்டத்தில் உழைக்கும் பெண் தன் கூலியைக் கேட்டு வாய் திறக்கும்போது, அவளுக்காகப் பேச விரைவதற்கு முன் அவள் பேசி முடிக்கும்வரை செவிகொடுப்பது நம் கடமையாகும்.