காகிதப் பையும் இரப்பர் அச்சும்

கடையில் தரும் காகிதப் பை ஒன்றை எடுத்து, அதன் மேல் உள்ள எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பல பைகளில் எழுத்தின் நடுப்பகுதி சற்று வெளிறியும், ஓரம் கோடிட்டாற்போல் அடர்ந்தும் இருக்கும். மெத்தென்ற அச்சுத் தகடு ஒன்று காகிதத்தை அழுத்தியபோது மை ஓரத்துக்கு ஒதுங்கியதன் அடையாளம் அது. இந்த அச்சு முறைக்குப் 'பிளெக்ஸோகிராபி' என்று பெயர். வளையும் தகட்டினால் அச்சிடுதல் என்பது கருத்து. இன்று பொட்டலத் தொழிலின் முதுகெலும்பாக விளங்கும் இம்முறை, பிறந்தபோது நகைப்புக்கு இடமானது!

பிபியின் அசட்டுத்தனம்

காகிதப் பைகளை முதலில் கையால்தான் ஒட்டினார்கள். 1852-இல் அமெரிக்கரான பிரான்சிஸ் வூல் பை செய்யும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். தட்டையான அடிப்பாகம் கொண்ட பையைச் செய்யும் இயந்திரத்துக்கு மார்கரெட் நைட் என்னும் பெண்மணி 1871-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய மாதிரியைப் பார்த்த ஒருவர் அதைத் தமதென்று பதிவு செய்ய முயன்றார். நைட் தம் வரைபடங்களைக் காட்டி வழக்காடி வென்றார்.

இயந்திரங்கள் வந்தபின் பைகள் மலிந்தன. பையின் மேல் கடையின் பெயரும் வேண்டும் என்ற ஆசையும் வளர்ந்தது. சுருளாக ஓடிவரும் காகிதத்தில் ஓட்டத்தை நிறுத்தாமல் அச்சிட வேண்டும். மையும் நொடியில் உலர வேண்டும். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பை செய்துவந்த பிபி, பேரன் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1890-இல் இதற்கென ஓர் இயந்திரத்தை உருவாக்கியது. ஆனால் அதன் நீர் மை எளிதில் தீற்றிக்கொண்டது. 'பிபியின் அசட்டுத்தனம்' என்று அதற்குப் பட்டப் பெயரே சூட்டிவிட்டார்கள்.

சாயம் தந்த வாழ்வும் தாழ்வும்

கருத்து பிழையன்று, மைதான் பிழை. 1856-இல் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்ததிலிருந்து, அனிலினிலிருந்து பிறந்த சாயங்கள் பெருகியிருந்தன. இச்சாயங்களை ஆல்கஹாலில் கரைத்தால் விரைவில் உலரும் மை கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் தகடும் இந்த மையும் கைகோத்தன. 'அனிலின் அச்சு' என்ற பெயரும் நிலைத்தது. ஜெர்மனியில் இதை 'இரப்பர் அச்சு' என்றே அழைத்தார்கள்.

1930-களின் இறுதியில் அமெரிக்காவில் மற்றொரு முன்னேற்றம் வந்தது. அதுதான் 'அனிலாக்ஸ்' உருளை. இதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் நெருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். படியில் நெல்லை இட்டுத் தலைவழித்து அளப்பது போல, குழிகளில் மை நிரம்பி, மிகுதி வழித்து நீக்கப்படும். எஞ்சிய அளவான மையே தகட்டுக்குச் செல்லும்.

ஆனால் தொழில் தழைத்த வேளையில் பெயரே பகையாயிற்று. அனிலின் ஒரு நச்சுப் பொருள். 1940-களில் அனிலின் சாயங்கள் உணவுப் பொட்டலங்களுக்கு ஏற்றவையல்ல என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை கருதியது. விற்பனை சரிந்தது. பாதுகாப்பான புதிய மைகளுக்கு 1949-இல் இசைவு கிடைத்த பின்பும், 'அனிலின்' என்ற சொல் மக்களை அச்சுறுத்தியது. 1951-இல் பிராங்க்ளின் மாஸ் என்பவர் தம் தொழில் இதழின் வாசகர்களிடம் புதுப்பெயர் கேட்டார். ஏறத்தாழ 200 பெயர்கள் குவிந்தன. அவற்றில் மூன்றைத் தேர்ந்து வாக்கெடுத்தார்கள். 1952 அக்டோபர் 21 அன்று 'பிளெக்ஸோகிராபி' என்ற பெயர் அறிவிக்கப்பட்டது.

தகடு பிறக்கும் விதம்

பழைய முறையில் தகடு செய்வது நீண்ட வேலை. ஓவியர் வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் படம் வரைவார். நிறத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே வரைய வேண்டும். அதைப் புகைப்படமெடுத்து நெகடிவ் தயாரிப்பார்கள். அதன் வழியே ஒளியுணர் பூச்சுள்ள உலோகத் தகட்டில் ஒளி பாய்ச்சி, அமிலத்தால் அரித்தால் எழுத்துகள் மட்டும் மேடாக நிற்கும். இந்தப் பிளாக்கைப் பிசின் ஊறிய அட்டையில் சூடாக அழுத்தினால் அச்சுக்குழி கிடைக்கும். அதன் மேல் பச்சை இரப்பரை வைத்து, ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தினால் இரப்பர் கந்தகத்துடன் சேர்ந்து இறுகும். உரித்தெடுத்தால் இரப்பர் தகடு தயார். ஆறும்போது அது சற்றுச் சுருங்கவும் செய்யும்.

1974-இல் டூபாண்ட் நிறுவனம் 'சைரல்' என்ற ஒளியுணர் பாலிமர் தகட்டைக் கொண்டுவந்தது. நெகடிவ் வழியே புறஊதாக் கதிர் பட்ட இடம் இறுகும். படாத இடத்தைக் கரைப்பானால் கழுவி நீக்கலாம். உலோகமும் அமிலமும் அச்சுக்குழியும் தேவையற்றுப் போயின. 1995-இல் நெகடிவும் விடைபெறத் தொடங்கியது. தகட்டின் மேலுள்ள கரும்படலத்தை, கணினி இயக்கும் லேசர் கதிரே எரித்து நீக்கும் முறை அறிமுகமாயிற்று.

பிழையாக வரைவதே சரி

தகடு எதுவாயினும் ஓவியருக்கு ஒரு சோதனை உண்டு. தட்டையான தகட்டை உருளையில் சுற்றும்போது அதன் மேற்புறம் நீள்கிறது. தகட்டின் கனம் 2.84 மி.மீ. என்றும், அதன் அடியிலுள்ள நீளாத படலம் 0.18 மி.மீ. என்றும் கொள்வோம். எஞ்சிய 2.66-ஐ 2 பையால் பெருக்கினால் 16.7 மி.மீ. வரும். அச்சின் சுற்றளவு 400 மி.மீ. எனில், தட்டையாக 383.3 மி.மீ. இருந்த பரப்புதான் 400-ஆக நீண்டிருக்கிறது. 100 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்தால், அது 104 மி.மீ. உயரமுள்ள முட்டையாக அச்சாகும்! ஆகவே உருளையைச் சுற்றும் திசையில் மட்டும் படத்தை 4.2 சதவீதம் குறுக்கி, உயரம் 95.8 மி.மீ. ஆக வரைய வேண்டும்.

மெத்தென்ற தகடு நசுங்குவதால் எழுத்துகள் தடிக்கும். எனவே, நிறப் பரப்பின் நடுவே வெள்ளையாக விடும் எழுத்துகளைச் சற்று அகலமாகவே விட வேண்டும். இல்லையேல் மை மூடிவிடும். ஓடும் காகிதம் இம்மியளவு விலகினாலும் இரு நிறங்களுக்கிடையே வெள்ளைக் கீற்று தெரியும். அதனால் ஒரு நிறத்தை மற்றொன்றின் மேல் சிறிது ஏறும்படி வரைவார்கள். பழுப்புக் காகிதம் மையை உறிஞ்சும். அங்கே நுண்புள்ளிப் படங்கள் கலங்கிப் போகும்.

சைரல் வந்த அதே 1974-இல், ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலக் கடை ஒன்றில் பட்டைக் குறியீடு முதன்முதலாக விற்பனையில் படிக்கப்பட்டது. இந்தக் கோடுகளைக் காகிதம் ஓடும் திசையிலேயே கிடத்துவது நல்லது. அப்போது அச்சு இழுபட்டாலும் கோடு நீளுமேயன்றித் தடிக்காது. தடித்தால் கருவி குறியீட்டைப் படிக்காமல் போகக்கூடும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. காகிதப் பை மீண்டும் நம் கைக்கு வந்திருக்கிறது. அடுத்த முறை அதில் ஒரு வட்டத்தைக் கண்டால், அது வட்டமாகத் தெரிய வேண்டுமென்று யாரோ ஒருவர் அதை முட்டையாக வரைந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.