அடக்கி வாசிக்கத் தெரியுமா? மாதவி முதல் கலைத் திருவிழா வரை

இன்னைக்கு என் சொந்தத் தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் கள்ளக்குறிச்சி பக்கம் வளர்ந்தவன். எட்டாவது படிக்கும்போது பள்ளிகளுக்கு இடையில் ஒரு இசைப் போட்டி. மிருதங்கம் தனி வாசிப்பில் எனக்கு முதல் பரிசு. அதே மத்தியானம் குழு இசையில் எங்க டீம் கடைசி. நடுவர் ஐயா என்னைக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "தம்பி, பக்கத்துல அந்தப் பொண்ணு புல்லாங்குழல்ல என்ன பாட்டு வாசிச்சுது?" எனக்குச் சொல்லத் தெரியல. நான் என் மிருதங்கத்தை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

அந்தக் கேள்வி எவ்வளவு பழசுன்னு பிறகுதான் புரிஞ்சது. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை இருக்கே, ஒரு வகையில் அது இளம் கலைஞருக்கு நடந்த தேர்வு. மாதவி ஏழு வருஷம் கற்று, 12 வயதில் சோழ மன்னன் முன்னால் ஆடுகிறாள். தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும் கிடைக்குது.

நமக்கு ஞாபகம் இருப்பது இந்தப் பரிசுதான். ஆனால் இளங்கோ அதுக்கு முன்னாடியே ஒரு நீண்ட பட்டியல் தருகிறார். பாடுபவர், தண்ணுமை வாசிப்பவர், குழல் ஊதுபவர், யாழ் மீட்டுபவர் என ஒவ்வொருவருக்கும் என்ன திறமை வேணும்னு அதில் இருக்கு. தண்ணுமைக்காரர் மற்ற கருவிகளில் விழும் இடைவெளியை நிரப்பணும். அடக்க வேண்டிய இடத்தில் கையை அடக்கணும். மேடையிலும் குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை, அதன் பின்னால் முழவு. ஒருத்தரைக் கேட்டுத்தான் அடுத்தவர் வாசிக்கிறார். உ.வே.சா. 1892-ல் இந்த நூலை அடியார்க்கு நல்லார் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். மிருதங்கம் கத்துக்கிற எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பகுதியை ஒரு தடவை படிக்கணும்னு சொல்வேன்.

நம்ம ஊர்த் தெருக்கூத்திலும் இதே கதைதான். விடிய விடிய நடக்கிற கூத்தில் ஆடுபவர் ஒரு அடியை விட்டால் பின்பாட்டுக்காரர் அதைப் பிடிக்கணும். பிடிக்கலைன்னா ஊரே கண்டுபிடிச்சிடும். மார்க் ஷீட் இல்லாத தேர்வு அது.

மார்க் ஷீட் பெரிய அளவில் வந்தது வானொலியோடு. 1952 வாக்கில் அகில இந்திய வானொலி குரல் தேர்வு முறையைக் கொண்டுவந்து, கலைஞர்களை 'பி', 'ஏ' எனத் தரம் பிரிச்சது. பெயரும் முகமும் நடுவருக்குத் தெரியாது. சிபாரிசு செல்லாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே எடை போட்டது பெரும்பாலும் தனி ஆளை. அதே 1952-ல் அதே வானொலி 'வாத்திய விருந்தா' என்ற தேசிய இசைக்குழுவையும் தொடங்கியது. சேர்ந்து வாசிப்பது தனித் திறமைன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு!

இப்போ 2022-க்கு வருவோம். பள்ளிக் கல்வித் துறை கலைத் திருவிழாவை ஆரம்பிச்சது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு படிப்படியாகப் போட்டி. தனியாகவும் குழுவாகவும் கலந்துக்கலாம். ஜெயிச்சா கலையரசன், கலையரசி.

இதைக் கல்வராயன் மலையிலிருந்து பாருங்க. தனி வாசிப்புக்குச் சொந்தக் கருவி வேணும், வாரா வாரம் வகுப்புக்குப் போகணும். வெள்ளிமலையில் படிக்கிற பிள்ளைக்கு விழுப்புரம் அரசு இசைப்பள்ளி ரொம்ப தூரம். ஆனால் உண்டு உறைவிடப் பள்ளியில் எல்லாரும் ஒண்ணா இருக்காங்க. சாயங்காலம் பத்துப் பேர் சேர்ந்து பாட யாரையும் கேட்க வேண்டாம். அவங்களுக்குக் கதவு திறக்கப்போவது குழு இசையில்தான். அங்கே நடுவர் சத்தத்துக்கும் சட்டைக்கும் மார்க் போட்டுட்டுப் போனா, அந்தக் கதவும் மூடிடும்.

எதுக்கு மார்க் கொடுக்கிறோமோ, பசங்க அதைத்தான் பழகுவாங்க. அதனால குழுப் போட்டிக்கு நடுவரா உட்காருகிறவங்க மூணு விஷயத்தைக் கவனிச்சா போதும். ஒருத்தர் தப்பினால் மத்தவங்க தாங்குறாங்களா? பாட்டு முன்னால் வரும்போது தாளம் இறங்குதா? பக்கத்து ஆள் வாசித்ததை ஒவ்வொருத்தரும் பாடிக் காட்ட முடியுமா?

மூணாவதில் நான் ஃபெயில். அந்த முதல் பரிசுக் கோப்பை இப்போ எங்கே இருக்குன்னே தெரியல. நடுவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் காதுல இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!