நம் கடற்கரைக் கருமணலின் வரலாறு

திருவிழா நாட்களில் நம் தெருக்களுக்கு ஒளி தந்த பெட்ரோமாக்ஸ் விளக்கை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் மேண்டிலை வெண்சுடராய் ஒளிரச் செய்தது தோரியம் என்னும் பொருள். அது நம் காலடி மணலிலும் உண்டு. குமரி மாவட்டக் கடற்கரை உலகச் சந்தைக்குள் நுழைந்தது அதன் வழியாகத்தான்.

மலைப்பாறைகள் சிதைந்து ஆறுகள் கொணரும் மணலை, முறத்தில் புடைப்பதுபோல் அலைகள் புடைக்கின்றன. இலேசான மணல் அகல, கனத்த தாதுக்கள் கரையில் தங்குகின்றன. இதுவே கருமணல். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகியவை இதில் கலந்துள்ளன. தோரியம் இருப்பது மோனசைட்டில்.

1909-ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். கயிறு திரித்தவர்களுக்கு அது வெறும் தூசி. விரைவில் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் அவர் கைது செய்யப்பட, தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பின்னர் வெள்ளை வண்ணப்பூச்சுக்காக இல்மனைட்டும் பெருமளவில் கப்பலேறியது.

விடுதலைக்குப்பின் தோரியம் அணுசக்திக்குரிய பொருளாக மதிக்கப்பட்டது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. 1952-இல் ஆலுவாவில் அதன் மோனசைட் ஆலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். 1963-இல் அது முழுமையாக மத்திய அரசின் நிறுவனமாயிற்று. பின்னர் மணவாளக்குறிச்சி ஆலையும் அதன் பொறுப்பில் வந்தது.

இத்தொழில் பலருக்குச் சோறு போட்டது, கவலையும் தந்தது. தோரியம் கதிர்வீச்சுடையது. ஆகவே நோயைப் பற்றியும் கடலரிப்பைப் பற்றியும் மக்கள் கேட்கிறார்கள். கதிர்வீச்சு இம்மணலில் இயற்கையாகவே உள்ளது என்றும், தாது பிரித்த மணலைத் திரும்ப நிரப்புகிறோம் என்றும் நிறுவனம் சொல்கிறது. 2013-இல் தமிழக அரசு தனியாரின் தாதுமணல் அள்ளலைத் தடைசெய்தது. 2024-இல் கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர ஊர்கள் எதிர்த்தன.

நாட்டுக்குத் தாது தேவை என்பது மெய்யே. வள்ளம் ஏற்றவும் வலை உலர்த்தவும் நமக்கு வேறு கரை இல்லை என்பதும் மெய்யே. 1909-இல் தம் மணலில் என்ன இருந்தது என்று நம் முன்னோர் அறியார். அதனால் எவரும் அவர்களைக் கேட்கவுமில்லை. நாம் அறிவோம். ஆகவே, கருத்துக் கேட்க அதிகாரிகள் அழைக்கும்போது ஆய்வறிக்கையைத் தமிழில் கேட்டு வாங்கிப் படித்து, நம் பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்று, அமைதியாகவும் அச்சமின்றியும் பேசுவோம்.